தோலும் பட்டமும்

சரித்திரம் என்றவுடனே நம்மவர் நினைவுக்கு வருவன முடியும் வாளும் கோட்டையும் குதிரையுமேயாம். இன்ன அரசன் இன்ன ஆண்டில் இன்னானை வென்றான் என்று பள்ளியிலே நாம் நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஆனால் அவ்வரசன் ஏறிச் சென்ற குதிரைக்குச் சேணம் தைத்தவன் யார்? அவன் வாளைத் தாங்கிய அரைக்கச்சையை வெட்டி, ஓரம் சீவி, துளையிட்டு, பக்கிள் பூட்டிக் கொடுத்தவன் யார்? இக்கேள்வியை நம் ஆசிரியர் கேட்டதுமில்லை; நாம் அவரைக் கேட்டதுமில்லை.

இக்கேள்விக்கு விடை தேடும்படி நம்மைத் தூண்டுவது ஒரு விளையாட்டு. ஐரோப்பாவின் மத்திய காலத்தை, அஃதாவது கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக்கும் 15-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை, உடையாலும் உணவாலும் கருவியாலும் மீண்டும் நடத்திப் பார்க்கும் கூட்டத்தார் மேல்நாடுகளில் பலர் உளர். அவர்கள் போருடையும், கச்சையும், காலணியும், உறையும் தம் கைகளாலேயே தோலில் செய்கின்றனர். அது மட்டுமன்று; நன்றாகச் செய்தவனுக்கு அரசவை கூட்டிப் பட்டமும் சூட்டுகின்றனர். தோல் வேலை செய்தவனுக்குப் பட்டமா என்று நம்மில் சிலர் வியக்கக்கூடும். மெய்யான மத்திய காலத்தவரும் அவ்வாறே வியந்திருப்பர். அவ்விரண்டு வியப்புக்கும் இடையேயுள்ள சரித்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலின் கதை

முதலில் தோல் எவ்வாறு தோலாயிற்று என்று பார்ப்போம். மாட்டின் உடலினின்று உரித்த பச்சைத் தோல் அப்படியே கிடந்தால் சில நாளில் அழுகும். காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். அதை அழியாத பொருளாக்குவதற்கு மத்திய கால ஐரோப்பியர் பெரும்பாலும் கையாண்ட முறை ஓக் மரப்பட்டை முறையாகும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நெகிழ்த்துவர். சாய்ந்த மரக்கட்டையின்மீது விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் மயிரையும் ஊனையும் சுரண்டுவர். பின்னர் நாயின் எச்சமோ புறாவின் எச்சமோ கலந்த வெந்நீரில் இட்டு மென்மையாக்குவர். கடைசியில் இடித்த ஓக் பட்டையைத் தோலுக்குத் தோல் இடையிட்டுப் பரப்பிக் குழியில் அடுக்கி நீர் விடுவர். தடித்த தோல் அக்குழியில் ஓராண்டும் கிடக்கும். அதற்கு மேலும் கிடக்கும். பட்டையிலுள்ள துவர்ப்பு உள்ளே ஊடுருவி உறைந்தபின் அது நூற்றாண்டுகளையும் தாங்கும் பொருளாகிவிடுகிறது.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு மண்ணே சாட்சி. இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் என்னுமிடத்தில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலணிகளும் தோல் துண்டுகளும் ஈரமண்ணில் கெடாமல் கிடைத்தன. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து 14-ஆம் நூற்றாண்டு மக்களின் செருப்புகள் குவியல் குவியலாக வெளிவந்திருக்கின்றன. அரசர் உடுத்த பட்டுகளிற் பெரும்பாலானவை மக்கிப்போயின. ஏழை தேய்த்தெறிந்த செருப்போ நிலைத்து நிற்கிறது! இன்று பழைய முறையில் காலணி தைப்போர் அக்குப்பையையே தம் பாடநூலாகக் கொண்டுள்ளனர். உட்புறத்தை வெளியாக வைத்துத் தைத்து, பின்னர் நனைத்துப் புரட்டியெடுக்கும் அக்காலத் தையல்முறையை அவர்கள் கற்றது அரசர் வரலாற்றிலிருந்தன்று, கிழிந்த செருப்பிலிருந்தே.

இவ்வளவு அரிய தொழிலாயிருந்தும் தோல் பதனிடுவோனை அக்காலத்தார் எங்கே வைத்திருந்தனர்? ஊரின் ஓரத்திலே, ஆற்றின் கீழ்ப்புறத்திலே வைத்திருந்தனர். சுண்ணாம்பும் எச்சமும் ஊனும் கலந்த நாற்றத்தை நகரத்தார் பொறுப்பாரல்லர். லண்டனில் இத்தொழில் தேம்ஸுக்குத் தெற்கே பெர்மண்ட்ஸி என்னும் பகுதியில் தங்கி வளர்ந்தது.

நாற்றத்தோடு இழிவும் ஒட்டிக்கொண்டது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், நார்மண்டிப் பிரபுவுக்குத் தோல் பதனிடுவோன் மகளிடம் பிறந்தவன் என்று பேசப்பட்டவன். 1050-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவன் அலான்ஸோன் என்னும் ஊரை முற்றுகையிட்டபோது, மதில்மேல் நின்றவர்கள் தோல்களை அடித்துக் காட்டி அவன் பிறப்பை ஏளனம் செய்தனர் என்றும், பிடிபட்டவர்களின் கைகால்களை அவன் வெட்டுவித்தான் என்றும் அக்காலச் சரித்திரக்காரர் எழுதி வைத்துள்ளனர். சினத்தில் அவன் செய்த கொடுமையை நாம் ஒப்பவில்லை. ஆனால் நாடாளும் ஒருவனை வெட்கப்படுத்துவதற்கு ஒரு துண்டுத் தோலே போதும் என்று எதிரிகள் எண்ணினார்களல்லவா? அதுவே நாம் கவனிக்க வேண்டுவது.

கழகங்களின் காலம்

எனினும் ஐரோப்பாவின் தோல் தொழிலாளர் அவ்விழிவுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. நகரங்கள் வளர வளர, ‘கில்டு’ என்னும் கைத்தொழிற் கழகங்களாக அவர்கள் ஒன்று கூடினர். பாரிஸ் நகரில் 1268-ஐ ஒட்டி எத்தியேன் புவாலோ என்னும் நகர அதிகாரி தொகுத்த தொழில் விதிநூலில் சுமார் 100 தொழில்களின் ஒழுங்குகள் பதியப்பட்டன. காலணி தைப்போரும் சேணக்காரரும் அவற்றில் தனித்தனியே இடம் பெற்றனர். ஸ்பெயினின் கோர்டோவா நகரத்து மெல்லிய தோல் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தது. அந்நகரின் பெயராலேயே புதுத் தோலில் காலணி செய்வோர் இங்கிலாந்தில் ‘கார்டுவெய்னர்’ எனப்பட்டனர். பழஞ்செருப்பைத் தைத்துக் கொடுப்பவன் வேறு, கார்டுவெய்னர் வேறு. லண்டன் கார்டுவெய்னர்களின் ஒழுங்குவிதிகள் 1272-இலேயே ஏற்படுத்தப்பட்டன. 1439-இல் அரச சாசனமும் கிடைத்தது. தோல் வணிகர் கழகம் 1444-இல் தன் சாசனத்தைப் பெற்றது. அரைக்கச்சை செய்வோர் கழகமோ அவர்களுக்கெல்லாம் முன்பாக, 1327-இலேயே மூன்றாம் எட்வர்டு அரசனின் ஆணையைப் பெற்றுவிட்டது.

இக்கழகங்களின் ஒழுங்கு கண்டிப்பானது. லண்டனில் தொழில் பழகுவோன் பெரும்பாலும் 7 ஆண்டு உழைக்க வேண்டும். கழகத்தின் கண்காணிப்பாளர் கடைதோறும் சென்று சரக்கைச் சோதிப்பர். போலித் தோலில் செய்ததைப் பறிமுதல் செய்து எரிப்பதும் உண்டு. செருப்புத் தைப்பவன் தோல் பதனிடலாகாது, பதனிடுவோன் செருப்புத் தைக்கலாகாது என்று 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டமே பிறந்தது. காலணித் தொழிலாளர் தமக்கெனக் கிரிஸ்பின், கிரிஸ்பினியன் என்னும் இரு புனிதர்களைக் காவலராகக் கொண்டு, அக்டோபர் 25-ஆம் நாளைத் திருநாளாக்கினர். 1415-ஆம் ஆண்டு அதே நாளில்தான் அஜின்கோர்ட் போர்க்களத்துச் சேற்றில் பிரான்சு நாட்டின் பிரபுக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பிரபுக்களின் பெருமை மண்ணில் விழுந்த நாள் செருப்புத் தைப்பவர்களின் திருநாளாயிருந்தது ஒரு வேடிக்கையே.

கழகம் என்றதும் அது கூலித் தொழிலாளியின் சொர்க்கம் என்று மயங்குதல் வேண்டா. கழகம் முதலாளிக் கைவினைஞரின் கையிலேயே இருந்தது. 1387-இல் லண்டனில் கார்டுவெய்னரிடம் கூலிக்கு உழைத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சகோதரக் கூட்டத்தை ஏற்படுத்த முயன்றனர். எசமானர்கள் நகராட்சியிடம் முறையிட்டனர், முன்னின்றவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். சங்கம் வைத்தவனுக்குச் சங்கம் வேண்டுமாம்; அவனிடம் வேலை செய்பவனுக்கு வேண்டாமாம்! இந்த நியாயத்தை அறிய நாம் 14-ஆம் நூற்றாண்டு வரை செல்ல வேண்டியதில்லை என்பதைத் தோட்டப்புற வாசகர்கள் நன்கறிவர்.

கச்சை யாருக்கு?

இனிப் பட்டத்துக்கு வருவோம். ‘நைட்’ என்னும் வீரப் பட்டம் ஒருவனுக்கு அளிக்கப்படும்போது நடந்தவை யாவை? அரையில் கச்சை கட்டினர். குதிகாலில் முள் பூட்டினர். தோளிலோ கழுத்திலோ ஒரு தட்டுத் தட்டினர். பட்டத்தின் உயிரான அடையாளம் கச்சையே. அக்கச்சையோ தோல் தொழிலாளி கையினின்று வந்தது. முன்னே சொன்ன மூன்றாம் எட்வர்டு, 1348-ஐ ஒட்டிக் ‘கார்ட்டர்’ என்னும் புகழ்பெற்ற பட்டக்கூட்டத்தை நிறுவினான். அதன் சின்னம், பக்கிளில் மாட்டி நுனியை மடித்துவிட்ட ஒரு வார். அரசனையும் இளவரசனையும் சேர்த்து அதில் 26 பேருக்கே இடம். வாருக்குப் பட்டத்தில் இடம் கிடைத்தது. வார் செய்தவனுக்கு வாயிற்படியிலும் இடமில்லை. 1327-இல் ஆணை பெற்ற கச்சைக்காரர் கழகத்தார் தங்கள் தெருவில் கௌரவமாகத் தொழில் செய்யலாம், அரசவையில் அமரலாகாது. இதுவே மெய்யான மத்திய காலம்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று ஒன்றுண்டு. 1278-இல் முதலாம் எட்வர்டு அரசன் விண்ட்ஸர் பூங்காவில் ஒரு போர் விளையாட்டு நடத்தினான். அதற்கு வாங்கிய பொருள்களின் கணக்குச் சுருள் அழியாமல் இருக்கிறது. அவ்விளையாட்டில் உருக்கு வாள் இல்லை. திமிங்கில எலும்பாலும் தோலேட்டாலும் 38 வாள்கள் செய்யப்பட்டன. மார்புக் கவசமும் தோல், தலைக்கவசமும் தோல். மார்புக் கவசங்களைக் கொடுத்தவர் மைலோ என்னும் தோல்வேலைக்காரர். இந்த மைலோவின் முகம் நமக்குத் தெரியாது. அவர் பிறந்த ஊர் தெரியாது. பட்டம் எதுவும் அவருக்கில்லை. கணக்கெழுதிய ஒரு குமாஸ்தா பெயரை ஒழுங்காகப் பதிந்து வைத்ததனால் மட்டுமே 700 ஆண்டுகளுக்குப் பின் நாம் அவரை அறிகிறோம். கணக்குப் புத்தகம் எழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

கான்டர்பரி தேவாலயத்தில் 1376-இல் இறந்த ‘கறுப்பு இளவரசன்’ எட்வர்டின் கல்லறைக்கு மேல் தொங்கவிடப்பட்டிருந்த கேடயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரப்பலகையின்மேல் துணியும் காகிதமும் தோலும் ஒட்டி, அதன்மேல் சிங்கங்களையும் லில்லி மலர்களையும் தோலிலேயே அச்சிட்டுப் புடைப்பாக எழுப்பிய அருமையான வேலை அது. இளவரசன் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. அச்சிங்கத்துக்குப் பிடரி எழுப்பிய கையின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

மீண்டும் ஒரு மத்திய காலம்

பழைய வீர விளையாட்டைப் புதுப்பிக்கும் ஆசை பிற்காலத்தில் பலருக்கு எழுந்தது. 1839-இல் ஸ்காட்லாந்தில் எக்லின்டன் பிரபு பெரும்பொருள் செலவிட்டு ஒரு போர் விளையாட்டை ஏற்பாடு செய்தார். மழை கொட்டியது, மைதானம் சேறாயிற்று, பட்டுடுத்த பிரபுக்கள் நனைந்து வீடு திரும்பினர். அவ்விளையாட்டில் வேடம் பூண்டோர் செல்வர்களே. ஊரார் வேடிக்கை பார்த்தனர்.

நூற்றிருபத்தேழு ஆண்டு கழித்து, 1966-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில், மத்திய கால இலக்கியம் பயின்ற மாணவி ஒருத்தியின் வீட்டுப் பின்புறத்தில் சில நண்பர் கூடி ஒரு விளையாட்டு நடத்தினர். அதுவே ‘சொஸைட்டி பார் க்ரியேட்டிவ் அனாக்ரனிஸம்’ என்னும் சங்கமாக வளர்ந்து, இன்று பல நாடுகளில் கிளைத்து, தன்னைச் சுமார் 20 ‘இராஜ்ஜியங்களாக’ப் பிரித்துக்கொண்டுள்ளது. அதன் அரசர் பிறப்பால் அரசரல்லர்; போட்டியில் வென்றவரே அரசர். அவ்வரசும் சில திங்களே. அடுத்த போட்டியில் வேறொருவர் வருவார். கடையில் வேலை பார்ப்பவரும் அரசராகலாம். ஆட்சி முடிந்தபின் மீண்டும் கடைக்கே போகலாம். முடியை இவ்வளவு இலேசாக இறக்கி வைக்கும் நாடு உலக வரைபடத்தில் உண்டோ?

அவர்கள் போரிடும் ‘வாள்’ என்ன என்று அறிந்தால் வாசகர்கள் புன்னகை புரிவர். அது பிரம்பு! ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள பிரம்பு. மற்ற மரம் ஒடிந்தால் கூரிய சிம்புகளாகக் குத்தும். பிரம்போ நார் நாராக விரியுமேயன்றிக் குத்தாது. அப்பிரம்பு விளைவது தென்கிழக்காசியக் காடுகளில். நம் மலாயாக் காடுகளும் அவற்றுள் அடங்கும். பள்ளிக்கூடத்திலும் வேலைக்காட்டிலும் நம் முன்னோர் முதுகறிந்த அதே பிரம்பு, கடல் கடந்து போய் அமெரிக்காவில் அரசரைத் தேர்ந்தெடுக்கிறது.

பிரம்படியைத் தாங்க உருக்குத் தலைக்கவசமும், உடலுக்கும் கைகால்களுக்கும் தடித்த காப்பும் வேண்டும். இங்கேதான் தோல் மீண்டும் அரங்கேறுகிறது. தாவரப்பட்டையால் பதனிட்ட, ஏறக்குறைய ஆறிலொரு பங்கு அங்குலத் தடிப்புள்ள மாட்டுத் தோலை எடுத்துக்கொள்கின்றனர். அளவுப்படி வெட்டி, நீரில் ஊறவைத்து, கொதிநிலைக்குக் குறைந்த வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்துகின்றனர். தோல் சுருங்கித் தடிக்கும். வெளியே எடுத்தவுடன் உடலின் வளைவுக்கேற்ப அச்சில் கட்டிவிட வேண்டும். சற்று நேரம் தாழ்த்தால் வளையாது. சூடு மிஞ்சினால் நொறுங்கிவிடும். ஆறிய பின் அது மரம்போல் உறுதியாய் நிற்கும்.

கச்சைக்கும் உறைக்கும் வேறு முறை. தோலை ஈரமாக்கி, கத்தியால் மேல்தோலில் கோடு கீறி, சிறு முத்திரைகளை வைத்துச் சுத்தியால் தட்டிக் கொடியும் விலங்கும் எழுப்புவர். குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த லினன் நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் எதிரெதிராக இழுத்துத் தைப்பர். இதைச் சேணத் தையல் என்பர். இயந்திரத் தையலில் ஓரிழை அறுந்தால் வரிசையே பிரியக்கூடும். சேணத் தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். மைலோவின் காலத்துக்கும் இன்றைக்கும் இதில் வேற்றுமை மிகச் சிறிது.

மூன்று பட்டங்கள்

இச்சங்கத்தின் உயர்ந்த பட்டங்களில் பழமையான மூன்றை மட்டும் இங்கே கூறுவோம். போர்த்திறத்தில் சிறந்தவருக்கு நைட் பட்டம். வெள்ளைக் கச்சை அதன் அடையாளம். கலையிலும் தொழிலிலும் சிறந்தவருக்கு ‘லாரல்’ பட்டம். வாகை போன்ற இலைமாலை அதன் சின்னம். அடுப்பெரித்தும், கணக்கெழுதியும், கூடாரம் கட்டியும் தொண்டு செய்தவருக்குப் ‘பெலிக்கன்’ பட்டம். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு உதிரம் ஊட்டும் பறவை அதன் சின்னம். இம்மூன்றும் படிகளல்ல, ஒரே தரம். அஃதாவது, அரசனோடு பொருத வீரனும், அவ்வீரனுக்குக் கச்சை தைத்த தோல் தொழிலாளியும், இருவருக்கும் சோறாக்கிய தொண்டனும் ஒரே வரிசையில் அமர்வர். இவர்களிடம் பழகுவோருக்கும் நிறம் வேறுவேறான கச்சைகள் கட்டுவது வழக்கம்: வீரனிடம் பழகுவோனுக்குச் சிவப்பு, கலைஞனிடம் பழகுவோனுக்குப் பச்சை, தொண்டனிடம் பழகுவோனுக்கு மஞ்சள்.

பட்டம் சூட்டும்போது கையெழுத்தில் வரைந்து வண்ணம் தீட்டிய சாசனமும், பதக்கமும் வழங்குவர். அச்சாசனத்தை எழுதியவரும், பதக்கத்தை வார்த்தவரும், கச்சையைத் தைத்தவரும் சங்கத்து அங்கத்தினரே. கூலிக்குச் செய்ததன்று, பலர் தம் ஓய்வு நேரத்தில் மாதக்கணக்கில் இழைத்தது. ஆதலின் பரிசு கொடுப்பவரைக் காட்டிலும் பரிசைச் செய்தவரின் அன்பே அதில் மிகுதியாக நிற்கிறது.

இதில் குறையில்லையா என்று கேட்கலாம். உண்டு. இவ்விளையாட்டில் எல்லாரும் சீமான்கள்; பண்ணையடிமை ஒருவருமில்லை. கொள்ளைநோய் இல்லை, பஞ்சம் இல்லை. தோல் பதனிடும் நாற்றக் குழியும் இல்லை. பதனிட்ட தோல் கடையிலிருந்து சுருட்டி வருகிறது. அக்குழியில் நின்று வேலை செய்பவர் எங்கோ ஓரிடத்தில் இன்றும் இருக்கிறார். பட்டமளிக்கும் அவையில் அவர் பெயரை யாரும் கூவுவதில்லை. ஆகவே இதைச் சரித்திரம் என்பதைவிடச் சரித்திரத்தைத் திருத்தி எழுதிய கனவு எனலே பொருந்தும். எனினும் எந்தப் பக்கமாகத் திருத்தினார்கள் என்பதே பெரிது. தம் மனம்போல் ஓர் உலகைப் படைத்துக்கொள்ள உரிமை கிடைத்தபோது, அவர்கள் கைத்தொழிலாளியைக் கீழே தள்ளவில்லை. மேலே தூக்கி உட்கார வைத்தனர்.

நமக்கு என்ன?

தோலோடு நமக்குள்ள உறவு சிறிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் சீனர் பயிரிட்ட கம்பீர், வெற்றிலையோடு மெல்லப்பட்டதோடு நில்லாமல், கப்பலேறி இங்கிலாந்தின் தோல் குழிகளுக்கும் சென்றது. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல்கள் லண்டன் சந்தையில் ஏலம் போயின. சீமையார் காலில் பூண்ட பாதரட்சையில் நம் நாட்டு ஆவாரையின் துவர்ப்பும், அதை ஊறவைத்த தமிழனின் வியர்வையும் கலந்திருந்தன.

அத்தமிழனை நாம் என்ன செய்தோம்? ஐரோப்பியர் அவனைப் போன்றவனை ஊரோரத்தில் வைத்தனர். ஆயினும் அவன் மகன் கழகத்தில் சேரலாம், நகரத்தில் பெயரெடுக்கலாம். நாமோ பிறப்பினாலேயே அவனைத் தீண்டாதவனாக்கினோம். அவன் பதனிட்ட தோல் மத்தளமாகிக் கோயிலுக்குள் போயிற்று, அவன் போகக்கூடவில்லை. தோல் தூய்மையாம், தோல் தொட்ட கை தீட்டாம்! இந்தியாவில் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்ததை மனத்திலும் நாவிலும் ஒழிக்க வேண்டிய வேலை இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது. இக்கரையிலும், செருப்புத் தைப்பவன் என்பதை வசைமொழியாக வழங்குவோர் அற்றுப்போகவில்லை.

எழுத்து வேலையே மேன்மை, கைவேலை தாழ்வு என்று பிள்ளைகளுக்கு ஓதும் பழக்கமும் நம்மிடம் மிகுதி. பேனாப் பிடித்தவன் பதிந்து வைத்ததனால் மைலோவின் பெயர் பிழைத்தது மெய்யே. ஆனால் மைலோ கவசம் செய்திராவிட்டால் அக்குமாஸ்தாவுக்கு எழுத என்ன இருந்திருக்கும்? எழுதும் கையும் தைக்கும் கையும் ஒன்றையொன்று இகழ்வதற்கு நியாயமே இல்லை.

வேடம் பூண்டு முடி சூடும்படி நம் இளைஞர்க்கு நாம் கூறவில்லை. நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுவிழா நடத்துகின்றன. பொன்னாடையும் மாலையும் கேடயமும் வழங்குகின்றன. பேசியவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் மாலை விழுகிறது. இவ்வாண்டு அம்மேடையில் ஒரு நாற்காலியை, கடைத்தெரு நடைபாதையில் குந்தியிருந்து நம் பாதரட்சைகளைத் தைத்துக் கொடுக்கும் பெரியவருக்காக ஒதுக்குவோமாக. பெயரைக் கேட்டு, பிழையின்றி எழுதி, எல்லாரும் கேட்க வாசிப்போமாக. அமெரிக்கர் விளையாட்டாகச் செய்ததை நாம் மெய்யாகவே செய்யலாம். அதற்கு முடியும் வேண்டா, கோட்டையும் வேண்டா.